குறைந்துபோன ஜே-சைகளும் ஐந்து பேர் வகுப்பும்

1

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. என் கடை மெஷினுக்குள்ளால் வந்தது.

பதுளையில், பஸ் நிலையத்துக்கு மேல் தெருவில், போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஜௌபர். மற்றவர்கள் எழுதியதைப் பிரதியெடுத்துப் பிழைக்கிறேன். கடையில் ஆளில்லாதபோது நானும் எழுதுகிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு ஏப்ரலில் ஒரு டீச்சர் வந்தார். வெளிநாட்டு முத்திரை ஒட்டிய தடித்த உறை ஒன்றிலிருந்து நாற்பது பக்கங்களை உருவி, ஐந்து பிரதி வேண்டும் என்றார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. புள்ளிகள் எல்லாம் ஒரு கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருக்க, கடைசி நாலைந்து மட்டும் கோட்டைக் கைவிட்டுக் கீழே இறங்கிவிட்டன. ஏன் இறங்கின என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஆறாவதாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்த டீச்சர்தான் ரெங்கம்மா. இது அவருடைய கதை. எப்படித் தொடங்குவது என்பதில்தான் ஏழு வருடம் போயிற்று.

தொடக்கம் ஒன்று: மூடுபனி போர்த்திய தேயிலை மலைகளின் நடுவே

(வேண்டாம். பதுளையில் அவ்வளவு மூடுபனி கிடையாது. மத்தியானத்தில் வியர்க்கும். வெளியூர் வாசகர் எதிர்பார்ப்பார் என்று பனியை இறக்குமதி செய்ய மாட்டேன்.)

தொடக்கம் இரண்டு: ரெங்கம்மாவின் தாய் கொழுந்துக் கூடையைச் சுமந்த முதுகோடு

(இதை ரெங்கம்மாவே அடித்துவிட்டார். நான் எழுத எழுத அவர் வாசிக்கிறார். பென்சிலால் ஓரத்தில் குறிப்பெழுதுகிறார். இந்த இடத்தில் எழுதியது: “எங்கம்மா பறிச்ச கொழுந்துக்கும் குவார்க்குக்கும் என்னங்க சம்பந்தம்? பௌதிகத்துல ஆரம்பிங்க.”)

சரி. பௌதிகத்தில் ஆரம்பிக்கிறேன்.

2

ரெங்கம்மா ஹாலிஎல தாண்டி ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி வீட்டில் பிறந்தவர். பேராதனையில் பௌதிகவியல் படித்துவிட்டு, பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தார். கணிதப் பிரிவில் அந்த வருடம் ஐந்து பேர். ஐவரும் தோட்டப் பிள்ளைகள்.

அந்தப் பெப்ரவரியில் வானொலிச் செய்தியின் கடைசியில் ஒரு வரி சொன்னார்கள்: ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடம் பொருளின் புதிய நிலை ஒன்றைக் கண்டதாக அறிவித்திருக்கிறது. அவ்வளவுதான். பிறகு கிரிக்கெட். ரெங்கம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. ஆய்வுகூடத்துக்கே கடிதம் போட்டார். ஆறு வாரத்தில் அந்த உறை வந்து சேர்ந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத அதை, பாடவேளையிலேயே, தமிழில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

அவர் வகுப்பில் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.* ஈய அணுக்கருவை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓட்டிக்கொண்டுபோய் இன்னொரு ஈயத்தில் மோதவிடுகிறார்கள். சூரியனின் நடுவிலும் இல்லாத ஒரு சூடு கணப்பொழுது பிறக்கிறது. அணுக்கருவுக்குள் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள் குவார்க்குகள். மோதலின் தொடக்கத்திலேயே எப்போதாவது ஒரு பாரமான குவார்க்கும் அதன் எதிர்க் குவார்க்கும் சேர்ந்தாற்போல உண்டாகும். சார்ம் என்று அந்த வகைக்குப் பெயர். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அந்தக் கட்டுக்குப் பெயர் ஜே-சை. அது பிறகு மியூவன் என்ற இரண்டு சிறு துகள்களாக உடையும். அவற்றை எண்ணித்தான் எத்தனை ஜே-சை பிழைத்தது என்று அறிகிறார்கள்.

சூட்டில் மற்றக் குவார்க்குகளெல்லாம் கட்டவிழ்ந்து குழம்பாகிவிட்டால், அவை இந்த இரண்டுக்கும் நடுவில் திரைபோல நிற்கும். ஒன்றின் இழுப்பு மற்றதை எட்டாது. இரண்டும் பிரிந்து, வழியில் அகப்பட்ட இலேசான குவார்க்குகளோடு சேர்ந்து போய்விடும். ஆகவே ஜே-சை குறைந்தால், அந்தக் குழம்பு உண்டாகியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

* இங்கே நான் ஒரு காதல் சோடியை எழுதியிருந்தேன். திருவிழாக் கூட்டத்தில் கைநழுவிப்போன சோடி. நல்ல பந்தி. ரெங்கம்மா முழுவதையும் அடித்துவிட்டு எழுதியது: “எல்லாரும் இதைத்தான் எழுதுவாங்க. குவார்க்குக்கு மனசு இல்ல. அது இல்லாமலே இது அழகாத்தான் இருக்கு.” கோபம் வந்தது. ஆனால் இரண்டாம் முறை வாசித்தபோது, அந்தப் பந்தியை எழுதியது பௌதிகத்தின் மேல் எனக்கிருந்த பயம் என்று தெரிந்தது.

3

யூன் மாதம் அம்பலவாணர் வந்தார்.

அவர் கல்விக் கந்தோரில் விஞ்ஞானப் பாடங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். சிறிய உயர்தர வகுப்புகளைப் பார்வையிட்டு, எதைத் தொடரலாம், எதை மூடலாம் என்று அறிக்கை எழுதுவது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. (இவரை வில்லனாக்க இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டேன். மனிதர் ஒத்துவரவில்லை. அவருக்கும் பௌதிகம் பிடிக்கும் என்பதுதான் தொல்லை.)

அவர் வகுப்புக்குள் வந்தபோது கரும்பலகையில் அந்த வரைபடம் இருந்தது. ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். பலகையை அழித்துவிடலாமா என்று ரெங்கம்மாவின் கை டஸ்டருக்குப் போனது. அழிக்கவில்லை.

“உது சிலபஸில இல்லையே ரீச்சர்,” என்றார் அம்பலவாணர்.

“இல்லைங்க சார். சிலபஸ்ல உள்ளத நேத்தே முடிச்சிட்டேன்.”

அவர் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். ரெங்கம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடிந்ததும் அம்பலவாணர் கையை உயர்த்தினார், மாணவரைப் போல.

“ஒண்டு கேக்கலாமோ? சூடே இல்லாத சாதாரண அணுக்கருவுக்குள்ளால போனாலும் இந்த ஜே-சை கொஞ்சம் அடிபட்டுக் குறையும்தானே. அப்ப எது சாதாரணமாக் குறைஞ்சது, எது குழம்பால குறைஞ்சது எண்டு எப்பிடிப் பிரிப்பியள்?”

ரெங்கம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது பக்கத்தையும் வாசித்திருந்தார், ஆனால் வரைபடத்திலிருந்த கோட்டை யாரோ இழுத்த கோடு என்று எடுத்துக்கொண்டாரே தவிர, எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. “தெரியலைங்க சார். பார்த்துட்டுச் சொல்றேன்,” என்றார். ஐந்து பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிச் சொல்ல நேர்ந்தது அவரை வாட்டியது. (பென்சில்: “வாட்டல. கோவம் வந்துச்சு, என் மேலயே.”)

வெளியே வராந்தாவில் அம்பலவாணர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். வகுப்பை மூடச் சொல்லித்தான் எழுதப்போகிறார். ஐந்து பேருக்கு ஒரு பிரிவு நடத்த முடியாது. இந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் நாட்டமில்லை என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது.

“நாட்டமில்லன்னு எப்படிங்க சார் தெரியும்?”

“ஐஞ்சு பேர்தானே வந்திருக்கினம்.”

4

அன்று பின்னேரமே ரெங்கம்மா நாற்பது பக்கத்தையும் மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதில் உள்ளேயே இருந்தது. அந்தக் கோடு, இலேசான மோதல்களிலிருந்து வந்த கோடு. குழம்பு உண்டாக வழியில்லாத இடங்களில் ஜே-சை எவ்வளவு குறைகிறது என்று முதலில் அளந்திருக்கிறார்கள். அது வழமையான குறைவு. ஈயமும் ஈயமும் பலமாக மோதும் இடத்தில் மட்டும் புள்ளிகள் அந்தக் கோட்டுக்கும் கீழே விழுகின்றன. அது வழமைக்கு மாறான குறைவு. வந்ததை மட்டும் எண்ணிப் பயனில்லை. வந்திருக்க வேண்டியது எவ்வளவு என்று தெரியாமல் யாரும் குறைந்தது என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது.

(கவனியுங்கள்: பிள்ளைகளைக் குவார்க் என்று நான் சொல்லவில்லை. ரெங்கம்மாவும் சொல்லவில்லை. அவர் கடன் வாங்கியது எண்ணும் முறையை மட்டும்.)

ஓகஸ்ட் விடுமுறையில் பதினொரு தோட்டப் பாடசாலைகளுக்குப் போனார். பஸ் போகும் இடத்துக்கு பஸ், போகாத இடத்துக்கு நடை. பாடசாலை அதிபர்களிடம் கெஞ்சியும் சில இடங்களில் சண்டைபிடித்தும் பழைய பெறுபேற்றுத் தாள்களைப் பார்த்தார். மூன்று வருடத்தில், உயர்தரத்துக்கு முந்திய சாதாரணதரப் பரீட்சையில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் சித்தியடைந்தவர்கள் தொண்ணூற்று நான்கு பேர். அவர்களில் கணிதப் பிரிவுக்கு வந்தவர்கள் ஒன்பது.

வறுமையால் குறைந்திருக்கும், தூரத்தால் குறைந்திருக்கும் என்று அம்பலவாணர் சொல்வார் என்பது ரெங்கம்மாவுக்குத் தெரியும். எனவே ரயிலேறி ஹட்டன் பக்கம் போனார். அங்கேயும் அதே லயம், அதே சம்பளம், அதே தூரம். ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே ஒரு கணித வகுப்பு பத்து வருடமாக மூடப்போகிறோம் என்ற பேச்சே இல்லாமல் நடந்துவந்தது. ஏழு பாடசாலை, அதே மூன்று வருடம், சித்தியடைந்தவர்கள் எண்பது, கணிதப் பிரிவுக்குப் போனவர்கள் இருபத்தெட்டு.

அந்தக் கணக்குப்படி பதுளைப் பக்கம் முப்பத்து மூன்று பேர் வந்திருக்க வேண்டும். வருடா வருடம் மூடுவதாகப் பேச்சு அடிபடும் வகுப்புக்கு எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்? இருபத்து நான்கு பேரைக் காணோம்.

ஒரே தாளில் எழுதினார். மேலே தலைப்பு: வழமைக்கு மாறான குறைவு. கீழே புள்ளிகள், ஒரு கோடு. அதைக் கொண்டுபோய் அம்பலவாணரின் மேசையில் வைத்தார். அவர் ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் தொட்டுக் கூட்டிக் கழித்துப் பார்த்தாராம்.

“பிழை பிடிக்க ஏலாமக் கிடக்கு,” என்றார் கடைசியில். “ஆனா என்ர படிவத்தில ஐஞ்சு எண்டு எழுதத்தான் இடமிருக்கு ரீச்சர். வராத பிள்ளையளை எழுத ஒரு பெட்டியும் இல்லை.”

“அப்ப பெட்டிய வரைங்க சார்.”

இது எனக்கு ரெங்கம்மா சொன்னது. அடுத்தது நானே கண்டது. மறுநாள் அம்பலவாணர் என் கடைக்கு வந்தார். நாலு பக்க அறிக்கையையும் ரெங்கம்மாவின் தாளையும் மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். அறிக்கை வகுப்பை மூடத்தான் சொன்னது. வேலையை விட அவரால் முடியாது. ஆனால் ரெங்கம்மாவின் தாளை ஐந்தாம் பக்கமாக வைத்து, “நல்லா அழுத்திப் பின் அடியுங்கோ தம்பி, கழராத மாதிரி,” என்றார். மூன்று இடத்தில் அடித்துக் கொடுத்தேன்.

நவம்பரில் வகுப்பை மூடும் முடிவு வந்தது. “உத்தியோகத்தரின் நாலு பக்க அறிக்கையைப் பரிசீலித்ததில்” என்று அது தொடங்கியது.

5

இங்கே நான் இரண்டு முடிவு எழுதிவைத்திருந்தேன்.

(அ) மேலிடத்தில் ஒருவர் அந்த ஐந்தாம் பக்கத்தைக் குப்பைக் கூடையில் கண்டெடுத்து, கண்கலங்கி, கையொப்பம் இ

(ஆ) கடைசி நாள். ரெங்கம்மா வெறும் வாங்குகளைத் தடவியபடி

இரண்டையும் வாசித்துவிட்டு அவர் கடைக்கே வந்துவிட்டார். “முதலாவது பொய். ரெண்டாவது அதவிடப் பெரிய பொய், ஜௌபர் நானா. வாங்கு எப்ப வெறுமையா இருந்துச்சு?”

நடந்தது இதுதான். ஜனவரியில் நேர அட்டவணையில் அந்த வகுப்பு இல்லை. வரவு இடாப்பும் இல்லை. முதல் நாள் காலை ஐந்து பேரும் வழக்கமான அறைக்கு வந்து நின்றார்கள். ரெங்கம்மா ஒரு கொப்பியை எடுத்து, கோடு கீறி, ஐந்து பெயரையும் எழுதி வரவு போட்டார். மற்ற வகுப்புகளுக்கான பாடங்களை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, ஓய்வுப் பாடவேளைகளிலும் பாடசாலை விட்ட பிறகும் இந்த வகுப்பை நடத்தினார். அதிபர் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்; அதுதான் அவரால் முடிந்த உதவி. பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக விண்ணப்பித்தார்கள். நால்வர் எழுதினார்கள், இருவர் பேராதனைக்குப் போனார்கள். ஐந்தாமவர் எழுதாமல் கொழும்பில் கடை வேலைக்குப் போனார். அவரை விட்டுவிட்டு எழுதியிருந்தேன். ரெங்கம்மா சேர்க்கச் சொன்னார்.

அடுத்த வருடம் எட்டுப் பேர் வந்தார்கள். யாரும் மூட முடியாத வகுப்பு என்று தோட்டங்களில் பேச்சு பரவியிருந்தது. ஏற்கெனவே மூடியாகிவிட்டதே.

6

இப்போது இரண்டாயிரத்தேழு. அமெரிக்காவில் ஒரு புதிய இயந்திரம் பத்து மடங்குக்கும் மேற்பட்ட சக்தியோடு மோதவிடுகிறது. ஜே-சை இன்னும் மோசமாகக் குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். முந்திய அளவுக்கே குறைந்திருக்கிறதாம். சார்ம் குவார்க்குகள் ஏராளமாக உண்டாவதால், குழம்பு ஆறும்போது வெவ்வேறு சோடியில் பிறந்தவை தற்செயலாகச் சந்தித்துச் சேர்ந்துகொள்கின்றன என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. பிரிந்தவை மீண்டும் சேரும் ஒரு முடிவு

“அது இன்னும் தீர்மானமாகல,” என்றார் ரெங்கம்மா. “தீர்மானமாகாதத என் வகுப்புல அப்படித்தான் சொல்லிக்கொடுக்குறேன். உங்க கதையிலயும் அப்படியே இருக்கட்டும்.”

போன மாதம் கந்தோரிலிருந்து ஒரு படிவம் வந்தது. பாடசாலையில் அனுமதியின்றி ஒரு பிரிவு நடப்பதாக அறிகிறோம், விளக்கம் தருக. நிரப்புவதற்கு முன் பிரதியெடுக்க அதை என்னிடம்தான் கொண்டுவந்தார். என் மேசையிலேயே, நின்றபடி நிரப்பினார். ஆசிரியரின் பெயர்: முழுப் பெயரையும் எழுதினார். பிரிவு: கணிதம். அடுத்த பெட்டி, வகுப்பின் அனுமதி இலக்கம். அப்படி ஓர் இலக்கமே கிடையாது. பத்தொன்பது என்று எழுதினார்.

அன்று வரவு பத்தொன்பது.

இதற்குப் பதில் வந்ததா, இடமாற்றமா, தண்டனையா என்று கேட்பீர்கள். இன்றுவரை வரவில்லை. வருவதற்கு முன்பே கதையை வேண்டுமென்றே முடிக்கிறேன். கந்தோரின் கையில் முடிவைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வேண்டுமானால் அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். எழுதி முடித்த பிறகு, ஏதாவது ஒரு பாடசாலை நாளில் பதுளைக்கு வந்து பாருங்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு ரெங்கம்மா வரவு போடத் தொடங்குவார்.