மயில் விரட்டப் போன சிடி

1

"கயிறு கட்டத்தான நடுவுல ஓட்டை விட்டுருக்கான்? கட்டுனேன். மயிலு வராதுன்னு சொன்னாக. இதுல என்னத்தா தப்பு?"

"மயிலு வராது, சரிப்பா. இங்க நெட்டும் வரலையே."

சுவர் மேல் காயப்போட்ட துணியை எடுக்கப் போனபோது காதில் விழுந்தது இவ்வளவுதான். மிச்சம் என் கைச்சரக்கு. (துணி காய்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அது கதைக்கு வேண்டாம்.)

பக்கத்து வீட்டு அனுசியாவுக்கு நாளைக் காலை கோயம்புத்தூர் கம்பெனியோடு வீடியோவில் நேர்முகத் தேர்வு. தேறினால் வேலை. தவறினால் தை மாதம் அத்தை மகனோடு கல்யாணம், முகூர்த்தம்கூடக் குறித்தாயிற்று. அருப்புக்கோட்டையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில், நகமளவு வைஃபை அடாப்டரைச் செருகினாள். விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவில்லை. கூடவே வந்த சிடியைப் போட்டால்தான் அதற்கு இது விளங்குமாம். சிடியோ அவள் அப்பா சங்கையாவின் மக்காச்சோளக் காட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'எங்கள் பரளச்சிக் கரிசலின் நடுவே ஒரு வெள்ளி நிலவு, யாருக்காகவோ...' வேண்டாம். மயிலே சிரிக்கும்.

போனிலிருந்தே நெட் எடுக்கலாமே என்பீர்கள். முதல் பிரதியில் எடுத்தாள். அரைப் பக்கத்தில் கதை முடிந்துபோயிற்று. ஆகவே அந்த வீட்டின் ஒரே நல்ல போனை அவள் அண்ணன் மாரிசெல்வத்தின் சட்டைப்பையில் போட்டு, உரம் வாங்கிவரப் பந்தல்குடிக்கு அனுப்பிவிட்டேன்.*

* என் போனைக் கொடுத்திருக்கலாமே என்றால், அதில்தான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். வைஃபையே என்னுடையதுதான், இதற்கு மேல் ஒரு மனுசி என்ன செய்ய?

3

காட்டில் மூன்று மயில்கள் சிடியைச் சுற்றி நின்றன. (சரி, ஒன்று.) அது கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெரட்டக் கட்டுனீங்களா, கூப்பிடக் கட்டுனீங்களாப்பா?"

"பீரோ கண்ணாடி முன்னால நீ நிக்கலையா? அதுமாதிரிதான்."

வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். அலகு கொத்திய தழும்பு மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்து சிடியைப் போட்டதும் கம்ப்யூட்டர் தறிபோல் கடகடத்தது. திரையில் பச்சைக் கோடு பாதி வரை ஓடி நின்றது. அனுசியா நகத்தைக் கடித்தாள். அவள் மனதுக்குள் அப்போது... தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் அவ்வளவு கேட்காது.

சங்கையாதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மதினி, எழுதுனது போதும். எம் மகனை எப்ப திருப்பி அனுப்புவீக?"

4

நியாயமான கேள்வி. விடிவதற்குள் அவனைப் போனோடு கொண்டுவந்து நிறுத்தினால் எல்லாம் சுபம். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உரக்கடையில் பில் போட ஆள் வேண்டுமே என்று கடைக்காரர் மகள் தங்கமாரி என்றொரு பெண்ணை உட்கார வைத்திருந்தேன். வேறு காரியத்துக்கு அல்ல. அவளுக்கு ரீல்ஸ் காட்டியே போனில் இருந்த நெட்டைத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

இனி உங்கள் பாடு. பச்சைக் கோடு இன்னும் பாதியில்தான் நிற்கிறது. தள்ளிவிடுங்கள், அனுசியா கோயம்புத்தூர் போவாள். விட்டுவிட்டால் என்ன ஆவாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊருக்கே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தை மாதம் குறித்த முகூர்த்தம் வீண்போகவில்லை. மாப்பிள்ளை மாரிசெல்வம், பெண் தங்கமாரி. அத்தை மகன் பந்தியில் ரசம் ஊற்றினான். மாரிசெல்வம் மாமனார் கடையைப் பார்த்துக்கொண்டு பந்தல்குடியிலேயே தங்கிவிட்டான்.

போனும் அங்கேதான் இருக்கிறது.