ஒரு காரும் இரண்டு வைத்தியர்களும்

அஸெமினா எங்கள் ஊரான திராவ்னிக்கின் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். நாற்பத்தாறு வயதில், யாரையும் கேட்காமல், இருபத்து மூன்று வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்கி வந்தாள். வாங்கியதைக்கூடத் தெரு மன்னித்துவிட்டது. கேட்காமல் வாங்கியதைத்தான் மன்னிக்கவில்லை.

நவம்பரில் முதல் உறைபனி விழுந்த காலை, கார் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அடங்கிவிட்டது. எதிர்வீட்டு ஹைருதீன் ஜன்னலைத் திறந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஃபில்டர்ல தண்ணி நிக்குது தங்கச்சி! சத்தத்த வெச்சே சொல்லிட்டேன்."

தெரு மூலையில் புரெக் என்ற கறி அடைத்த ரொட்டியைச் சுட்டு விற்கும் அந்தே என்பவர் கையில் ஒட்டிய மாவோடு ஓடி வந்தார். "தண்ணியாவது கிண்ணியாவது! டீசல் குழாய்ல காத்து புடிச்சிருக்கு. பஸ் ஓட்டுனவருக்கு என்ன தெரியும், ஹாரன் அடிக்கத்தான் தெரியும்."

"மாவு பிசையற கைய எஞ்சின்ல வெக்காத. கார் உப்பிடப் போகுது."

இருவரையும் சண்டையில் விட்டுவிட்டு அஸெமினா நடந்தே வேலைக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்களெல்லாம் கால்பந்து பார்க்கப் போயிருந்தார்கள். அவள் பானட்டைத் திறந்தாள். பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, நடுவில் சின்ன பல்பு ஒன்றை மாட்டி, எஞ்சினைச் சூடாக்கும் நாலு ஹீட்டர் பிளக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுக்குத்தான் பல்பு எரிந்தது. மற்ற மூன்றும் செத்திருந்தன. மறுநாள் புதிதாக வாங்கி வந்து மாட்டினாள். செவ்வாய்க்கிழமைக் குளிரில் சாவியைத் திருப்பியதும் கார் பிடித்துக்கொண்டது. அஸெமினா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "தண்ணிதான?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் குறும்பு தலைதூக்கியது. "தண்ணியேதான் அண்ணே. நீங்க மட்டும் இல்லன்னா?"

மாலையில் ஹைருதீன் வீட்டிலிருந்து ஒரு புட்டி தேன் வந்து சேர்ந்தது.

புரெக் கடையில் அந்தே கேட்டார்: "காத்துதான?"

"காத்தேதான் அண்ணே. புஸ்ஸுன்னு போச்சு."

அன்றிலிருந்து பத்து நாள் அவளுக்கு ஒரு துண்டு புரெக்கும் ஒரு குவளைத் தயிரும் கூடுதலாகக் கிடைத்தன.

பதினோராம் நாள் காப்பிக் கடையில் ஹைருதீன் தன் வெற்றியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தே உள்ளே நுழைந்தார். கால்மணி நேரத்தில் இரண்டு பேரும் அவள் வாசலில் நின்றார்கள். பின்னால் நாங்கள் ஏழு பேர், காப்பிக் கோப்பைகளோடு.

"சொல்லு தங்கச்சி, தண்ணியா காத்தா?"

அஸெமினா உள்ளே போய், ரத்த மாதிரி எடுக்கும் மூன்று குப்பிகளைக் கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் கரி பிடித்த ஒரு பிளக். மேலே எண் போட்ட சீட்டு.

"ரெண்டும் இல்ல. இந்த மூணும் செத்துப் போச்சு. நானே மாத்துனேன்."

அந்தே குப்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப என் தயிரு?"

"நல்லாருந்துச்சு அண்ணே."

தெருவே சிரித்தது. ஹைருதீன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே நின்று தொண்டையைச் செருமினார். "என் வண்டியும் ரெண்டு நாளா கெளம்பல. அந்த பல்ப எடுத்துட்டு வரியா?"

இதைக் கேட்டுவிட்ட அந்தே பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வந்தார். இதை அவர் விடுவாரா?

அஸெமினா பல்பை வைத்துப் பார்த்தாள், நாலுக்கும் எரிந்தது. ஃபில்டரைப் பார்த்தாள். பிறகு டேங்க் மூடியைத் திறந்து, காரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி, காதை வைத்துக் கேட்டாள். ஒரு சொட்டு அசையும் சத்தம்கூட இல்லை. முப்பது வருட அனுபவசாலி டீசல் போட மறந்திருந்தார்.

ஹைருதீன் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"என்ன கோளாறும்மா?" என்று அந்தே எட்டிப் பார்த்தார்.

அஸெமினா மூடியை மெல்லத் திருகினாள். "கொஞ்சம் சிக்கலான கேஸ் அண்ணே. நானும் இவரும் ஒரு சாமான் வாங்கப் போகணும்."

"பாத்தவுடனே நெனச்சேன்," என்றார் அந்தே, பெரிதாகத் தலையாட்டி.

அஸெமினாவின் காரில் ஏறும்போது ஹைருதீன் காலி டீசல் கேனைக் கோட்டுக்குள் மறைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்.