கரோபோத் தீவின் பிறவாத பிள்ளை

தொமித்தீலாவின் வயிற்றிலிருந்த பிள்ளை ஏழாம் வருடம் பேச ஆரம்பித்தது. "அம்மா, கொஞ்சம் சாஞ்சு படேன்" என்பதுதான் அதன் முதல் பேச்சு.

ஃபொன்சேக்கா வளைகுடாவிலுள்ள கரோபோத் தீவை ஹோண்டுராஸ், எல் சல்வடோர், நிகராகுவா மூன்றும் தமதென்றன. தீவிலோ சில மீனவக் குடும்பங்களும் ஏராளமான உடும்புகளும்தான். அவளுக்கு மாதம் நிறைந்தபோது மூன்று நாட்டு அதிகாரிகளும் படகேறி வந்து, இங்கே அடுத்துப் பிறக்கும் பிள்ளை தங்கள் குடிமகன் என்று அவள் வயிற்றைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார்கள். வலி வந்தது, அடங்கிவிட்டது. அதன்பின் தீவில் வேறெவளும் கருவுறவில்லை. பிள்ளையின் உடல் வளரவில்லை. குரல் மட்டும் வளர்ந்தது. மீன் எங்கே கிடைக்கும் என்று மீனவர்கள் வந்து கேட்பார்கள். அது சொல்லும். ஒருநாள், கேட்காமலே, யார் திரும்பி வரமாட்டார்கள் என்றும் சொன்னது. அப்படியே நடந்தது. பிறகு யாரும் வருவதில்லை.

இடுப்பு விட்டுப்போன ஒரு கோடையில் அவளே அந்த மூன்று நாடுகளில் ஒன்றின் கரையிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கணவன் நிக்காசியோ துடுப்புப் போட்டான்.

"எங்கம்மா போறோம்?"

"உன்னை வெளிய எடுக்கத்தான்டா. என்னால இனிமே முடியல."

"அந்தக் கரையில எடுத்தா நான் அவங்க ஆளு. அப்புறம் உன்னைப் பார்க்க அனுமதி வாங்கிட்டுத்தான் வரணும்."

"உள்ள இருந்துக்கிட்டே வக்கீல் மாதிரி பேசுறான் பாரு" என்றான் நிக்காசியோ. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "என்னடி செய்யட்டும்?"

அவள் கை நீட்டி அவன் துடுப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"திருப்பு. இவ்வளவு நாள் சுமந்துட்டேன், இனியும் சுமந்துட்டுப் போறேன்."

தலை முழுக்க நரைத்தபின் ஒரு காய்ச்சலில் அவள் செத்தாள். குளிப்பாட்டிய பெண்கள் வயிறு தட்டையாக இருப்பதைக் கண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைச்சரிவில் புதைத்தார்கள். ஒன்பது நாள் ஜெபம் முடிந்த மத்தியானம் நிக்காசியோ தனியாகப் போய்க் குழிமேட்டில் விழுந்து வாய்விட்டு அழுதான்.

"அப்பா, சத்தம் போடாதீங்க" என்றது மண்ணுக்குள்ளிருந்து அந்தக் குரல். "அம்மா இப்பத்தான் தூங்குறா."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். இன்றும் அந்தச் சரிவில் ஏறுகிறவர்கள் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள். மூன்று நாட்டு ரோந்துப் படகுகளும் அந்தப் பக்கம் வரும்போது இன்ஜினை அணைத்துவிட்டு, நீரோட்டத்தின் போக்கிலேயே கடந்துபோகின்றன.