தாராவின் அறை

ஹாலில் நின்றிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாரா, கர்ட்டனத் தொற" என்றார். சமையலறைக்குப் பின்னால், மின்பெட்டிகள் வைத்த சின்ன அறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த யோகலட்சுமி ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் பொறுத்தாள். பிறகு பலகையில் இடது ஓரத்து ஸ்விட்சை அழுத்தினாள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த குட்டி டி.வி.யில், கேமரா வழியாக ஹால் தெரிந்தது. சாம்பல் நிறக் கர்ட்டன் ஒரே சீராக ஒதுங்கி வழிவிட, அதைப் பார்த்து அந்த மனிதர் தன் மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அந்த ஒரு மூச்சு நேரம் முக்கியம். எலக்ட்ரீசியன் ஜெயப்பிரகாஷ் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். "சொன்ன ஒடனே போட்டா ஆளு போட்ட மாதிரி தெரிஞ்சிடும்க்கா. மெஷினுன்னா கொஞ்சம் யோசிக்கும்."

காட்பாடியைத் தாண்டி மலையடிவாரத்தில் போட்டிருந்த மனைப்பிரிவின் மாதிரி வீடு அது. வாயால் சொன்னால் விளக்கு எரியும், ஏ.சி. ஓடும், கேட் திறக்கும் என்று பெங்களூர் ரோடு நெடுகப் பேனர் வைத்திருந்தார்கள். கட்டி முடித்த வீடுகள் பின்னால் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. கோடை மழையில் இடி இறங்கி, சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் 'தாரா' என்ற பெட்டி கருகிப்போனது. புதுசு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அதுவரை வீடு பார்க்க வருகிறவர்களை எப்படி நிறுத்திவைப்பது? மேனேஜர் கோபிநாத் ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, எல்லா ஒயரையும் பின்னறைக்கு இழுக்கச் சொன்னார். கொஞ்ச நாள் ஜெயப்பிரகாஷே தாராவாக இருந்தான். ஓசூரில் நல்ல வேலை கிடைத்துப் போகும்போது, கூட்டிப் பெருக்கிக் காபி கொடுத்துக்கொண்டிருந்த யோகலட்சுமியைக் காட்டி, அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்கு அது கஷ்டமாக இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வருஷக்கணக்கில் மேல்தோல் தைத்தவள். ஊசிக்கு முன்னால் விரலை எவ்வளவு தள்ளலாம், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் கைக்கே தெரியும். வெளிநாட்டு ஆர்டர் கம்மியாகி அவளுடைய செக்‌ஷனையே மூடியபோது, நாற்பதைத் தொட்ட பெண்களை வேறு கம்பெனிகள் எடுக்கவில்லை. பாசஞ்சர் பிடித்துக் காட்பாடி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இந்த வேலைக்கு வந்துபோனாள்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. இன்வெர்ட்டர் பேட்டரிகளின் புளித்த நெடி மூக்கில் நிற்கும். ஃபேன் வைத்தால் சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் கேட்கும் என்று வைக்கவில்லை. கஸ்டமர் உள்ளே இருக்கும்வரை கதவைச் சாத்தியே வைத்திருக்க வேண்டும். இருமக்கூடாது. அவளுடைய போன் கோபிநாத்தின் மேஜையில் இருக்கும். இதை வெளியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

ஆனால் கணவர் ஜம்புலிங்கத்திடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டி ஒன்றில், தோலை ஊறவைத்துச் சுற்றும் டிரம் ஓட்டுகிறவர். டிரம் சத்தத்தில் பேசிப் பேசி, வீட்டிலும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். விஷயத்தைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதிலிருந்து சோற்றுக்கு உட்கார்ந்தால், "தாரா, ஊறுகா" என்பார். அவள் வேண்டுமென்றே ஒரு மூச்சு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுவாள். காலேஜ் படிக்கும் மகள் சௌம்யா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த குடும்பம் ஏற்கெனவே இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனதுதான். கணவர் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். மனைவி டீச்சர். கூட ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. இன்று புக் பண்ணிவிடுவார்கள் போலிருக்கிறது, எதுவும் தப்பாகப் போய்விடக்கூடாது என்று கோபிநாத் காலையிலேயே சொல்லியிருந்தார்.

பெரியவர்கள் காகிதங்களோடு மேஜையில் உட்கார்ந்துவிட, ஹால் குழந்தைக்கு என்று ஆனது. தாரா, லைட்டைப் போடு. தாரா, லைட்டை நிறுத்து. தாரா, ஃபேன் வேகமா சுத்து. யோகலட்சுமி முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள், நிறுத்தினாள். குழந்தை சோபாவின் மேல் ஏறி நின்று கைதட்டியது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது டி.வி.யில் கோபிநாத் மேஜையிலிருந்து ஒரு போனை எடுப்பது தெரிந்தது. மஞ்சள் உறை போட்ட போன். சௌம்யா வாங்கிப் போட்ட உறை. அவர் பார்த்துவிட்டு, ஒரு பட்டனை அழுத்திக் கவிழ்த்து வைத்தார். சற்றைக்கெல்லாம் அது மேஜையில் அதிர்ந்து நகர்ந்தது. மறுபடியும் எடுத்து அழுத்தினார். மூன்றாவது முறை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

கூப்பிடுவது சௌம்யாவாகத்தான் இருக்கும், ஆனால் அவள் இப்படி விடாமல் கூப்பிடுகிறவள் இல்லை. யோகலட்சுமி எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவைத் திறந்தால் சமையலறை. அங்கிருந்து ஹாலுக்குத் தடுப்பு எதுவும் கிடையாது, அடியெடுத்து வைத்தால் எல்லோர் கண்ணிலும் படுவாள். கேஸ் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் அவள் அப்பா எங்கேயாவது சாவியை விட்டிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"தாரா, லைட்டு" என்றது குழந்தை. விளக்கு எரியவில்லை. "அம்மா, தாரா கேக்க மாட்டேங்குது."

டீச்சரம்மா பேனாவைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். கோபிநாத்தும் பார்த்தார், கேமராவை. யோகலட்சுமி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பி விளக்கைப் போட்டாள்.

அவர்கள் கிளம்பிப்போன பிறகுதான் கதவு திறந்தது. கோபிநாத் ஒரு கையில் ஸ்வீட் பெட்டியும் இன்னொரு கையில் போனுமாக நின்றார். புக் ஆகிவிட்டது என்று சொல்லி, வீட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், என்னவென்று கேள் என்றார்.

மண்டியில் அன்று டிரம் ஓடவில்லை. லீவு நாளில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ண ஆள் இறக்கியிருந்தார்கள். துணைக்கு ஜம்புலிங்கத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் இறங்கிய வேலு உள்ளேயே சுருண்டு விழுந்துவிட, தூக்கலாம் என்று இவர் ஏணியில் பாதி தூரம் இறங்கியிருக்கிறார். விஷவாயு. வேலு அங்கேயே போய்விட்டான். இவருக்கு நினைவு திரும்பியது. ஆம்பூரில் முதலுதவி செய்து, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

கோபிநாத் தன் காரிலேயே அவளை ஏற்றிப் போனார். பாலாற்றுப் பாலத்தில் வண்டிகள் நின்று நின்று போயின.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஜம்புலிங்கத்தின் தொண்டைக்குள் குழாய் இறக்கியிருந்தார்கள். நெஞ்சு மெஷினோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பாதத்தில் தொட்டிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் காதருகே குனிந்து கூப்பிட்டாள். இமைக்குள் கண் அசைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

சௌம்யா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"ஆம்புலன்ஸ்ல நல்லாத்தாம்மா பேசினாரு. மூச்சுதான் வாங்குச்சு. அம்மாவக் கூப்புடு, ஒரு வார்த்த பேசணும்னாரு. போன அவரு காதுலயே வச்சிருந்தேன். ரிங்கு போய்க்கினே இருந்துச்சு."

"இன்னா பேசணும்னு சொன்னாரா?"

"ஒன்கிட்டதான் சொல்லணும்னாரு."

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார்.

காரியம் முடிவதற்குள் மண்டி ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். தொட்டியில் இறங்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் இறங்கினார் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யோகலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். சௌம்யாதான் எழுந்து நின்று, வேலு மாமாவை இறக்கியது யார் என்று கேட்டாள். அவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

அந்த வேலைக்கு மறுபடி போகவேண்டாம் என்று சௌம்யா மன்றாடினாள். வேறு எங்கே போவது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை யோகலட்சுமி பாசஞ்சர் ஏறினாள்.

கோபிநாத் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே கேட்டாள்.

"எடுத்து யாருன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்."

அவர் மேஜைக் கண்ணாடியைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். "கஸ்டமர் இருந்தாங்கம்மா. அன்னிக்கு அந்த வீடு போவலைன்னா எனக்கு இங்க வேல இல்ல. நானும் ஒருத்தர்கிட்ட கை கட்டி நிக்கறவன்தான்."

யோகலட்சுமி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஆடி பிறந்த பிறகு புதுப் பெட்டி வந்து இறங்கியது. பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் அதைப் பொருத்திவிட்டு இங்கிலீஷில் சொன்னான். சொன்னதையெல்லாம் செய்தது. எழுதி வைத்துப் படிக்கிற மாதிரித் தமிழில் சொன்னான், அதையும் செய்தது. கோபிநாத் பக்கத்தில் போய், கர்ட்டனை இழு என்றார். ஏ.சி. அணைந்தது. கேட்டைத் தொற என்றதற்கு அது பேசாமலே இருந்தது. போகப்போகப் பழகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் சாயங்கால ரயிலுக்குப் போனான். விற்ற வீடுகளிலும் இதே பெட்டியைத்தான் மாட்டினார்கள். மாதிரி வீட்டில் மட்டும், அவன் ரயிலேறிய மறுநாளே கோபிநாத் அதன் ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி, யோகலட்சுமியைப் பழையபடி பின்னறையில் உட்கார வைத்தார்.

புரட்டாசியில் ஒரு நாள், குடி வந்துவிட்ட அந்த வேலூர்க் குடும்பம் மாதிரி வீட்டுக்கு வந்தது. அந்த மனிதர் கோபமாகத்தான் உள்ளே வந்தார். எத்தனை தரம் சொன்னாலும் வீடு கேட்பதில்லை, எழுந்து போய் ஸ்விட்சைப் போடுவதற்கு இவ்வளவு செலவு எதற்கு என்றார். கோபிநாத் அவரைக் குளிரப் பேசி உட்கார வைத்தார். வீட்டில் குறை ஒன்றுமில்லை சார், சொல்கிற முறையில்தான் இருக்கிறது, இங்கே நீங்களே சொல்லிப் பாருங்கள் என்றார்.

"தாரா, கர்ட்டனத் தொற" என்றார் அவர்.

யோகலட்சுமி ஒரு மூச்சு பொறுத்தாள். கர்ட்டன் ஒதுங்கியது. அவர் விளக்கைச் சொன்னார், ஃபேனைச் சொன்னார், கேட்டைச் சொன்னார். ஒவ்வொன்றாக நடக்க நடக்க அவருடைய கோபம் இறங்கி, முகத்தில் ஒரு கூச்சம் வந்தது. நாமதான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

குழந்தை கொஞ்சம் வளர்ந்திருந்தாள். யூனிஃபார்மோடு சுவர் ஓரமாக வந்து, கேமராவுக்கு நேராக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். டி.வி.யில் அவளுடைய நெற்றிப்பொட்டு வரை தெரிந்தது.

"எங்க வூட்டுத் தாரா நல்லாவே இல்ல. நான் சொன்னா கேக்கறதே இல்ல. நீதான் நல்ல தாரா. எங்க வூட்டுக்கு வந்துடறியா?"

பெரியவர்கள் சிரித்தார்கள். கோபிநாத்தும் சிரித்துக்கொண்டே கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

பலகையில் விளக்கு இருந்தது, ஃபேன் இருந்தது, கர்ட்டன், கேட், ஏ.சி. எல்லாம் இருந்தன. யோகலட்சுமியின் விரல் ஒவ்வொன்றின் மேலும் போய் நின்று நகர்ந்தது. அழுகை வெளியே கேட்டுவிடாமல் முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஹால் விளக்கைப் போட்டாள்.

டி.வி.யில் குழந்தையின் முகம் பளிச்சென்று ஆனது.

"வர்றேன்னு சொல்லுதும்மா" என்றாள்.