கீறல் விழாத லேப்டாப்கள்

மெத்தை தைக்கிற அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மெத்தை எதுவானாலும் கடைக்குப் போகுமுன் ஒரு வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பட்டறை ஆட்கள் அதில் படுத்து உருள வேண்டும். ஓரம் குழிந்தால் மெத்தை மறுபடி தையலுக்குப் போகும். குறட்டை விட்டதற்குச் சபாஷ் வாங்குகிற வேலை வேறெங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அங்கே சாமான் வாங்கிப் போடுகிறவளை எல்லாரும் பர்ச்சேஸ் அக்கா என்பார்கள். நூலோ பஞ்சோ, தொட்ட மாத்திரத்தில் தரம் சொல்லிவிடுவாள். ஆனால் போன வருஷம் அவள் வாங்கிய இரண்டு பிரிண்டரும் மூன்றே மாதத்தில் மூச்சை விட்டுவிட்டன. இப்போது ஆர்டர் எழுத, ஸ்டாக் பார்க்க என்று பட்டறைக்கு ஒன்பது லேப்டாப் வேண்டியிருந்தது. முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“இந்தத் தடவையும் சொதப்புச்சுன்னா பர்ச்சேஸை மச்சான்கிட்ட குடுத்துடுவேம்மா. நீ பேக்கிங்குக்குப் போக வேண்டியதுதான்.”

மச்சான் என்பது முதலாளி மனைவியின் தம்பி. காகிதம் போல் மெலிந்த வெள்ளி நிற லேப்டாப் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிவார்.

“இதோட ப்ராசஸர் என்னன்னு தெரியுமாக்கா உங்களுக்கு?”

“தெரியாது தம்பி. நம்ம டிரைவரண்ணன் விரல் ஒவ்வொண்ணும் வாழைப்பழம் மாதிரி. இத்தினூண்டு பட்டனை அவர் எப்படி அமுக்குவாரு? அதைச் சொல்லுங்க முதல்ல.”

ஒன்பது வாங்குகிற ஆள் என்பதால், மூன்று வகையிலும் ஒவ்வொன்றை ஒரு வாரத்துக்குத் தரக் கடைக்காரர் சம்மதித்தார். மச்சான் வைத்திருந்ததைப் போன்ற வெள்ளி நிற லேப்டாப், ஷோரூமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு; நீல நிறம், தையல் மாஸ்டருக்கு; செங்கல் கனத்தில் இருந்த கறுப்பு நிறம், வேன் ஓட்டும் டிரைவருக்கு. மூவருக்கும் கம்ப்யூட்டர் என்றாலே பயம்.

“மெத்தையில படுத்துப் பார்க்கிறோமில்ல, அந்த மாதிரி இதையும் போட்டுப் பொரட்டுங்க. எது தாங்குதுன்னு வெள்ளிக்கிழமை பார்ப்போம்” என்றாள்.

பேக்கிங் விஷயம் அதற்குள் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது அவளுக்குத் தெரியாது. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாய் வந்து நிற்கிறவள். அவளை விட்டுக்கொடுப்பார்களா?

வெள்ளிக்கிழமை ஷோரூம் அம்மா, ஸ்பாஞ்சில் சுற்றிய பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். “பாருடி, ஒரு கீறல் இல்ல. கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு அலைஞ்சேன்.”

“தொறந்து பார்த்தீங்களாம்மா?”

“தொறந்தா தூசி உள்ள போயிடாதா?”

தையல் மாஸ்டர் அழகான மெத்தை உறை ஒன்று தைத்து அதற்குள் நீலத்தை வைத்திருந்தார். நாலு பக்கமும் தையல்.

“இதை எப்படி மாஸ்டர் வெளிய எடுத்தீங்க?”

“எடுக்கவே இல்லையே. அதானே பாதுகாப்பு!”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அடப் பாவிங்களா, கெடுதா பார்க்கத்தானே குடுத்தேன்!”

“உன் வேலை போயிடக் கூடாதேன்னுதான்டி…” ஷோரூம் அம்மாவின் கண் கலங்கியது. இதற்கு மேல் யாரைத் திட்டுவது?

கடைசியாக டிரைவர். “நானும் தொடலைக்கா” என்றார், தரையைப் பார்த்தபடி.

அக்கா கறுப்பைத் திறந்தாள். பட்டன் இடுக்கெல்லாம் பஞ்சுத் தூசி. ஒரு மூலை உடைந்து, அதன் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசியிருந்தது.

“இது என்னண்ணே?”

“கடையிலேயே அப்படித்தான்…”

அந்த நேரம் பார்த்து முதலாளியும் மச்சானும் உள்ளே வந்தார்கள். டிரைவர் ஓரடி முன்னால் வந்தார்.

“தப்பு என்னுதுதான் முதலாளி! அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. செவ்வாய்க்கிழமை டீயைக் கொட்டிட்டேன்.”

“முழு டம்ளரா?” என்றாள் அக்கா. குரலில் திடீரென்று ஓர் ஆசை.

“முழு டம்ளர். சர்க்கரையோட.”

“அப்புறம்?”

“கவுத்துப் போட்டுக் காய வெச்சேன். ஓடுச்சு. புதன்கிழமை வேன்லேருந்து விழுந்துச்சு.”

“ஓடுற வேன்லேருந்தா அண்ணே?”

“மெதுவா ஓடுற வேன்தான்க்கா… பட்டன் ஒண்ணு தெறிச்சுது. தெருமுனை ரிப்பேர்காரர் பத்து நிமிஷத்துல போட்டுக் குடுத்துட்டாரு.”

அவர் ஒவ்வொரு குற்றமாக ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள அக்காவின் முகம் மலர்ந்தது. மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா சுவிட்சைத் தட்டினாள். திரை பளிச்சென்று வந்தது. டிரைவர் தட்டி வைத்த அந்த வாரத்து ஆர்டர் அத்தனையும் வரிசை குலையாமல் இருந்தது.

முதலாளி மேஜையிலிருந்த டீ டம்ளரைக் கையில் எடுத்தார். “டேய் மச்சான், உன்னோடதைக் கொண்டா இப்படி.”

மச்சான் வெள்ளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். “விளையாடாதீங்க மாமா. இது அந்த மாதிரி புழங்கற பொருள் இல்ல.”

“அப்போ நம்ம ஆளுங்களுக்கு ஆகாது. ஒன்பதும் கறுப்பே எழுதும்மா. பேக்கிங்குக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்.”

அக்கா பேனாவை எடுத்தாள். தையல் மாஸ்டர், “முதல்லயே சொல்லியிருந்தா நானும் ரெண்டு தடவை கீழ போட்டிருப்பேனே” என்று முணுமுணுத்தபடி உறையைப் பிரிக்க உட்கார்ந்தார்.

டிரைவர் மெல்ல அக்கா அருகில் வந்தார். “அப்போ… வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிடவாக்கா?”

“சொல்லுங்கண்ணே” என்றாள் அக்கா, எழுதுவதை நிறுத்தாமல். “முதலாளிக்கும் கேட்கட்டும், சத்தமா சொல்லுங்க.”