கேன் வண்டி

சின்னவன் சிறுவர் இல்லத்துக்குப் போய் இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அவனுடைய அம்மா வராந்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கைகளை மடிக்குள் பொத்திவைத்திருந்தாள். தண்ணீர் கம்பெனியில் கேன் கழுவுகிற வேலை. பிளீச்சிங் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

காலையில் அரை நாள் லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "லைசென்ஸ் எடுத்துட்டானான்னு கேட்டுட்டு வா," என்றார். கூடக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். பெரியவன் அதே கம்பெனியில் டிரைவர். சின்னவன் அண்ணனுடைய வண்டியில் கேன் ஏற்றி இறக்குகிறவன். விபத்து நடந்த அன்று விளையாட்டுக்கு வண்டியை எடுத்து ஓட்டியது சின்னவன் என்று போலீஸ் எழுதியிருந்தது. அவனும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

சின்னப் பையன்தானே, கண்டித்து அனுப்பிவிடுவார்கள் என்று முதலாளி சொன்னார். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தவரை அப்படி நம்ப முடிந்தது. போன வாரம் அவர் இறந்துபோனார். பையனுக்குப் பதினாறு முடிந்திருந்ததால், பெரியவர்களுக்கான கோர்ட்டுக்கு அனுப்பலாமா என்று நாளைக்கு முடிவு செய்யப்போகிறார்கள். அதற்கு முன் அவனிடம் பேசி அறிக்கை கொடுக்க ஓர் ஆலோசகர் வந்திருந்தார். நடுத்தர வயதுப் பெண். அம்மாவையும் வரச் சொன்னது அவர்தான்.

அறையில் ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். சின்னவனை மொட்டையடித்திருந்தார்கள். இல்லத்தில் கொடுத்த சட்டை தோளிலிருந்து நழுவியது.

"சாப்பிட்டியாடா?"

"ம். அண்ணன் வரலையா?"

"லோடு போயிருக்கான். லீவு தரல."

அவன் தலையாட்டினான். பெரியவன் இதுவரை ஒருமுறையும் வரவில்லை.

ஆலோசகர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். இங்கே மற்றப் பையன்கள் எப்படி என்று விசாரித்தார். டிரைவர் என்று கூப்பிடுகிறார்கள் என்றான். சாப்பாட்டு வரிசையில் வாயால் ஹாரன் அடித்தால்தான் வழிவிடுகிறார்களாம்.

"அடிப்பியா?"

"அடிப்பேன் மேடம். பசிக்கும்ல."

பிறகு அவர், அன்று நடந்ததைச் சொல், நடுவில் யாரும் பேசமாட்டோம் என்றார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சாவி, கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர், குறுக்கே வந்த வயசானவர், பிரேக். வகுப்பில் ஒப்பிப்பதுபோல் எங்கும் தடுக்காமல் வந்தது. அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"இடிச்சதுக்கு அப்புறம் என்ன பார்த்தே?"

இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் சுவரிலிருந்து பார்வையை எடுத்தான்.

"கீழ கிடந்தார் மேடம். ஒரு செருப்பு தனியாக் கிடந்துச்சு. கையைத் தூக்கினார், கூப்பிடுற மாதிரி. அப்புறம் சின்னதாயிக்கிட்டே போனார்."

"சின்னதாயிக்கிட்டேன்னா?"

"வண்டி நிக்காம வந்துடுச்சுல்ல. தூரம் போகப் போக ஒரு புள்ளி மாதிரி ஆயிட்டார். கை மட்டும் ரொம்ப நேரம் தெரிஞ்சுச்சு."

"கண்ணாடியில பார்த்தியா?"

ஆமாம் என்று சொல்லும்படி அம்மா வேகமாகத் தலையசைத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"இல்ல மேடம். நேராத்தான் பார்த்தேன்."

அம்மாவின் தலையசைப்பு பாதியில் நின்றது. கேன் ஏற்றுகிறவனுக்கு வண்டியில் இருக்கை கிடையாது. வண்டியின் பின்பக்கத்தில், கேபினில் முதுகைச் சாய்த்து, மேலடுக்குக் கேன்கள் உருளாமல் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, கடந்துபோன சாலையைப் பார்த்தபடியேதான் நிற்பான். ஒன்றரை வருஷமாக அவன் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தான். சாவி, கிளட்ச் எல்லாவற்றையும் பெரியவனிடம் கேட்டுக்கேட்டு அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். கண் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஆலோசகர் பேனாவைத் தொடவில்லை. "நீ எங்கப்பா நின்னுக்கிட்டிருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் மேடம் ஓட்டினேன்," என்றான். இன்னொரு முறையும் சொன்னான். பிறகு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

ஆலோசகர் அம்மாவிடம் பேசினார். நாளைக்குள் உண்மை வராவிட்டால் இவன் பெரிய கோர்ட்டுக்குப் போக நேரிடும், வருஷக்கணக்கில் ஆகலாம். உண்மை வந்தால் ஓட்டியவனைக் கைது செய்வார்கள், அதைத் தன்னால் தடுக்க முடியாது. எதையும் மறைக்காமல்தான் சொன்னார். பெரியவனுடைய மனைவிக்கு இது நிறைமாசம். குடியிருக்கிற அறை கம்பெனியுடையது. அம்மா அதையெல்லாம் மாறி மாறிச் சொன்னாள்.

"இப்படிச் சொல்லச் சொன்னது முதலாளிதானே?"

ஆமாம் என்றால் போதும். சின்னவன்கூட அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். அவனிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இப்போது அவனும் அவளையே பார்த்தான்.

அவள் மடியிலிருந்து கைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"முதலாளி, யாராவது ஒருத்தன் ஸ்டேஷனுக்குப் போங்கன்னுதாம்மா சொன்னார். பெரியவன் நானே போறேன்னான். சட்டைகூட மாத்திட்டான். இவனுக்குப் பாதிக் கூலிதானேன்னு, தூங்கிட்டிருந்தவனை நான்தான் எழுப்பினேன்."