ஒன்பதாவது படத்தின் ஸ்டேஷன் காட்சி

உளவாளிப் பட வரிசையின் ஒன்பதாவது படம் ஓடும்போது மட்டும் கடைசி இருபது நிமிடத்துக்கு மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிடுவேன். நாற்பது பேர் வியர்த்துக்கொண்டே என்னைத் திட்டுவார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் படத்தில் எல்லோரும் மெல்லப் பேசுகிறார்கள். விசிறியின் இரைச்சலை மைக் அள்ளிக்கொண்டுவிடும்.

என் வேலையை விளக்கிவிடுகிறேன். 1988-இல் வியட்நாமில், சோலோன் பகுதியில் ஒரு மொத்தத் துணிக்கடையின் மாடியில் வீடியோ காட்டினார்கள். ஒரு டிவி, பிளாஸ்டிக் முக்காலிகள், டிக்கெட்டோடு ஐஸ் காப்பி. பாரிஸிலிருந்து யாராவது கொண்டுவரும் கேசட்டுகளில் படம் பிரெஞ்சு பேசும். நான் பின்னால் உட்கார்ந்து அதை வியட்நாமிய மொழியில் சொல்வேன். நாயகன், வில்லன், கிழவி எல்லோருக்கும் என் ஒரே குரல்தான். படத்தின் ஒலியை அணைப்பதில்லை, குறைத்து வைப்போம். துப்பாக்கிச் சத்தம் கேட்காவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். நடிகர் வாய் திறந்து அரை நொடி கழித்து நான் தொடங்க வேண்டும். குரலில் உணர்ச்சி கூடாது. அழ வேண்டியவர்கள் அவர்களாக அழுதுகொள்வார்கள்.

அந்த உளவாளிப் பட வரிசையில் ஒன்பதாவதுதான் மட்டம் என்று பேச்சு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அணை உடைகிற காட்சி பொம்மை அணைதான், மறுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாலே தெரியும்: மலையை, வீட்டை எல்லாம் சிறிதாகச் செய்துவிடலாம், தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியாது. அதனால் ஒவ்வொரு துளியும் வீட்டு ஜன்னல் அளவுக்கு விழுகிறது. வில்லன் பேசிப் பேசியே கோட்டைவிடுகிறான். இருந்தும் அந்த ஸ்டேஷன் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். மற்ற எட்டுப் படங்களிலும் தன்னை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய உள்ளூர்ப் பெண்ணிடம் நாயகன் 'வருவேன்' என்று சொல்லிவிட்டுப் படகேறுவான். அடுத்த படத்தில் அவள் பெயர்கூட வராது. இதில் மட்டும் ரயில் புகைக்குள் நின்று, "எனக்காகக் காத்திருக்காதே. நான் திரும்பி வரமாட்டேன்" என்கிறான். ஒன்பது படங்களில் அவன் பேசிய ஒரே உண்மை அது. அதைக் கெடுத்தவன் நான்.

என் தங்கை ஐரேனுக்கு அப்போது முப்பத்திநான்கு வயது. எங்கள் அப்பா காரைக்காலிலிருந்து ராணுவ குமாஸ்தாவாக இங்கே வந்தவர். என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். அவள் முறை வரும்போது பணமில்லாமல் வியட்நாமியப் பள்ளி. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பத்து லூசியேன் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி, பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தோடு '82-இல் பாரிஸுக்கு விமானம் ஏறினான். இரண்டு கடிதங்கள் வந்தன. எங்களைப் போல அவனுக்கும் தமிழ் எழுதத் தெரியாது, பிரெஞ்சில்தான் எழுதினான். நான்தான் அவளுக்குப் படித்துச் சொன்னேன். முதல் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். இரண்டாவதில் தனக்கு அங்கே கல்யாணமாகிவிட்டது, ஐரேன் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, வீடு தேடிக்கொண்டிருக்கிறானாம், கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறான் என்று வாசித்தேன். படத்துக்குச் சொல்கிற அதே குரலில் வாசித்தேன். ஒரு வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவள் மனம் உடையும் என்று பயந்தேன் என்பது பாதிதான். வேறொருவனைக் கட்டிக்கொண்டு அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு தமிழ் பேசுவது?

பென் தான் சந்தைப் பக்கத்து மாரியம்மன் கோயிலருகே ஊதுபத்தி விற்ற அழகப்பன் அந்த வருடம் இந்தியாவுக்குக் கிளம்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். ஐரேனைக் கட்டிக் கூட்டிப்போகிறேன் என்று கேட்டான். மாதாவோ மாரியோ, அவள் எதைக் கும்பிட்டாலும் தனக்குச் சம்மதம் என்றான். இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். லூசியேனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். 'ஒரு படமாவது சேர்ந்து பார்த்துவிட்டுப் பிரிவோம்' என்று வியாழக்கிழமை மதியக் காட்சிக்கு அழைத்து வந்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ரயில் வந்தது. புகை வந்தது. அந்த வசனத்தை அதற்குமுன் பதினோரு காட்சிகளில் சரியாகச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு முன்னால் அவளுடைய பின்னங்கழுத்து தெரிந்தது. "காத்திரு. எப்படியும் வந்துவிடுவேன்" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. கடிதம் படித்த வாய், தானாகச் சொல்லிவிட்டது.

படம் முடிந்து கூட்டம் இறங்கியது. அழகப்பன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"ரேமோன் அண்ணே, ஹீரோவும் நீங்க, பொம்பளையும் நீங்க. உங்களுக்கு நீங்களே முத்தம் குடுத்துக்கிறிய. கண்றாவி!"

ஐரேன் சிரிக்கவில்லை. "அண்ணே, ஸ்டேஷன்ல அவன் அப்படிச் சொல்லலயே."

"எவன்?"

"அந்த ஆளுதான். வரமாட்டேன்னுல்ல சொன்னான்?"

"ஜனங்க மனசு கஷ்டப்படுமேன்னு எப்பவுமே அப்படித்தான் சொல்றது."

"எப்பவுமா?" என்றான் அழகப்பன், வெள்ளந்தியாக. "ஞாயித்துக்கெழம நான் பாத்தப்ப வரமாட்டேன்னுதானே சொன்னிய? எனக்கே நெஞ்சடச்சுப் போச்சு."

நான் மைக் கம்பியைச் சுருட்டினேன். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினேன்.

"உனக்கு எப்படிப் பிரெஞ்சு புரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"மார்கரித் அக்காகிட்ட ரெண்டு வருஷமாப் படிக்கிறேன். மாதா கோயிலுக்குத் தைக்கப் போறேன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அங்க போயி ஊமச்சி மாதிரி நிக்கக் கூடாதுல்ல. பேசத் தெரியும், கையெழுத்தப் படிக்கிறதுதான் இன்னும் தகராறு."

பிறகு அந்த வெட்கம் முகத்திலிருந்து போய்விட்டது. என்னையே பார்த்தாள்.

"கடுதாசி எங்க இருக்கு?"

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அழகப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். என்ன நடக்கிறதென்று அவனுக்கு விளங்கவில்லை, கேட்கவும் துணியவில்லை. ஐரேன் என் அலமாரியிலிருந்து இரண்டாவது கடிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டிருக்கலாம். "ஐரேன், நானே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ படிக்காத."

சுட்டுவிரலை வரிக்கடியில் வைத்துக் குழந்தைபோல் எழுத்துக் கூட்டினாள். பிரெஞ்சில் ஒருமுறை, பிறகு தமிழில். குளிர் அதிகம். தொழிற்சாலையில் வேலை. அவள் சௌக்கியமா. விரல் ஐந்தாவது வரிக்கு இறங்கியது.

"போன... ஞாயித்துக்கெழம... எங்க... மகளுக்கு..."

குரலில் எதுவும் இல்லை. வாசலில் அழகப்பன் யாருக்கோ வழிவிட்டுச் சைக்கிளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அடுத்த வார்த்தை தெரியல," என்றாள், தலை நிமிராமல். "சொல்லு."

ஞானஸ்நானம் என்பது அந்தச் சொல். அவள் விரல் அதற்குக் கீழே காகிதத்தை அழுத்திக்கொண்டு நின்றது. நகம் முழுக்க வெளுத்திருந்தது.